இருப்புப் பதிவேட்டில் இல்லாத சொத்து

1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு ஒரு கொள்முதல் செய்தது. வாங்கிய பொருளைக் கிடங்கில் அடுக்க வேண்டியிருக்கவில்லை. துருப்பிடிக்கும் என்ற கவலையும் இல்லை. சுப்பிரமணிய பாரதி எழுதியவற்றின் பதிப்புரிமையே அந்தப் பொருள். பாரதி மறைந்தது 1921இல். அன்றைய சட்டப்படி அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் முடியும்வரை, அதாவது 1971 வரை, அவ்வுரிமை தனியாரிடமே இருந்திருக்கலாம். அரசு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, பின்னர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது. பாரதியை அச்சிட எவரும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றாயிற்று. மலிவுப் பதிப்புகளும் ஆய்வுப் பதிப்புகளும் வந்தன. மேடையிலும் திரையிலும் அவர் பாடல்கள் தடையின்றி ஒலித்தன.

உரிமைக்குப் பதிலாக அரசு பாரதி நூல்களின் பல்லாயிரம் படிகளை வாங்கி ஊர்தோறும் நூலகங்களுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. சில ஆண்டுகள் வாசகர்கள் படித்திருப்பார்கள். பிறகு முதுகு கிழிந்து, கரையான் ஏறி, கழிவுப் பட்டியலில் சேர்ந்து, எடைக்குப் போயிருக்கும். மீண்டும் தேவைப்பட்டால் உரிமை வைத்திருப்பவரிடம் மீண்டும் போய் நிற்க வேண்டியதுதான். படியை வாங்குவது வேறு, உரிமையை வாங்குவது வேறு. 1949இல் இந்த வேறுபாட்டை அறிந்திருந்த ஓர் அரசு மரபு, கணினி வந்தபோது அதை எங்கோ தவறவிட்டுவிட்டது என்பதே நாங்கள் இங்கே சொல்ல வந்தது.

இலக்கியம் பேசும் இடத்தில் டெண்டரும் மென்பொருளும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்களுக்கும் அவற்றின்மேல் தனிப்பட்ட பற்று ஏதும் கிடையாது. ஒரு சிறுகதையைத் தேடிப் போன இடத்தில் அவை குறுக்கே வந்து நின்றன.

எங்களுள் இருவர் பிறந்து வளர்ந்தது காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில். அங்கே அரசு உதவி பெறும் பழைய நூலகம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், அதைப் போன்றவை தமிழ்நாட்டில் பல. அக்கிரகாரத்து வீடுகள் பூட்டப்பட்டபோதும், மிராசுதார் குடும்பங்கள் சென்னைக்குப் பெயர்ந்தபோதும், பரணில் கிடந்த பத்திரிகைக் கட்டுகள் அந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த இதழ்கள்; அட்டை கிழிந்தவை, பைண்டு செய்யப்பட்டவை, ஓரங்களில் பென்சில் குறிப்புகள் உள்ளவை. ஓர் எழுத்தாளரின் தொகுக்கப்படாத கதை முதலில் எந்த இதழில் வந்தது என்று உறுதி செய்வதற்காக நாங்கள் அங்கே போனோம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு திட்டத்தின் கீழ் அந்த நூலகத்துக்கு ஒரு கணினியும் நூற்பட்டியல் மென்பொருளும் கிடைத்திருக்கின்றன. அன்றிருந்த நூலகர் பல ஆண்டுகள் உட்கார்ந்து இதழ்களைப் பதிவு செய்திருக்கிறார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்பவற்றோடு அவர் நிறுத்தவில்லை. மென்பொருளில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இக்கட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது, உள்ளே யாருடைய கையெழுத்து இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை, ஓரக்குறிப்பு யாருடையதாக இருக்கலாம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஓய்வு பெற்றார். கணினி பழுதானது. விற்ற நிறுவனம் ஊரில் இல்லை. சில ஆண்டுகளில் புதிய கணினியும் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளும் வந்தன. பழைய பதிவுகளைப் புதியதில் ஏற்ற இயலவில்லை. பழைய கணினி விதிப்படி கழிவு செய்யப்பட்டு ஏலத்தில் போயிற்று.

இதை எங்களுக்குச் சொன்னவர் இருப்புப் பொறுப்பில் இருந்த பணியாளர். ஒளிக்க ஏதுமில்லாத மனிதர். பதிவேட்டையே எடுத்துவந்து காட்டினார். கணினி ஒன்று, யு.பி.எஸ். ஒன்று, பிரின்டர் ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எண், விலை, வாங்கிய தேதி, எதிரே சிவப்பு மையில் கழிவு செய்த ஆணையின் எண். குறை சொல்ல ஓரிடம்கூட இல்லாத பதிவேடு அது. அந்தக் கணினிக்குள் இருந்த பட்டியல் என்னவாயிற்று என்று கேட்டோம்.

"தம்பி, பெட்டிக்கு நம்பர் உண்டு. உள்ளே இருந்ததுக்கு நம்பர் ஏது? நம்பரே இல்லாததைக் காணோம்னு நான் எப்படி எழுதுறது?" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அரசு அலுவலகங்களில் சொத்து என்பதற்கு உள்ள இலக்கணத்தையே சொன்னார். எண்ணித் தட்டி எண் எழுத முடிந்தது சொத்து. நாற்காலி காணாமற்போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சம்பளத்தில் பிடித்தமும் ஆகலாம். ஒரு மனிதர் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பட்டியல் காணாமற்போனால் தணிக்கையில் ஒரு வரி வராது. காணாமற்போனது என்று சொல்வதற்கே முதலில் அது இருந்ததாக ஒரு பதிவு வேண்டுமல்லவா?

ஓய்வுபெற்ற நூலகரைத் தேடிப் போனோம். நல்வாய்ப்பாக அவர் ஒரு குறுந்தகட்டில் படி எடுத்து வைத்திருந்தார். அது திறந்தது, கோப்புகளும் இருந்தன. ஆனால் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த ஒரு காடு. மென்பொருள் இயங்க வேண்டுமானால் பிரின்டர் செருகும் இடத்தில் டாங்கிள் என்னும் சிறு பூட்டுக்கட்டையைப் பொருத்த வேண்டுமாம். அது கணினியோடு ஏலத்தில் போய்விட்டது.

இந்தக் காடு எப்படி முளைத்தது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். அக்காலக் கணினிக் குறியீடுகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; மொத்தம் 256 இடங்கள். முதற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. தமிழைக் கணினிக்குக் கொண்டுவர முனைந்தவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டார்கள். கணினிக்கு இன்னதென்றே சொல்லாமல், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழெழுத்தின் உருவத்தை வரைந்து வைப்பதுதான் அது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கணினி அறிவதெல்லாம் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துரு போனால் மொழியும் போகும். இதில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இடவரிசையை வைத்துக்கொண்டது. ஒருவர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் எழுத்துருவில் படிக்க இயலாது. வாடிக்கையாளர் விலகாமல் இருக்க இதைவிட நல்ல வேலி இல்லை.

தமிழர்கள் இதற்குத் தீர்வு காணாமல் இருந்துவிடவில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. கணினிகள் அதைப் பரவலாக ஏற்கத்தான் நாளாயிற்று. அதுவரைக்கும் ஒரு பாலமாக, பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் 16 பிட் குறியீட்டையும் அரசின் தரங்களாக ஏற்கும் ஆணை வந்தது. ஆணைகளில் குறையில்லை. ஆனால் ஆணை வேறு, டெண்டர் வேறு. வாங்கும் படிவத்தில் 'இத்தரத்தில் சேமிக்காத மென்பொருளுக்குப் பணம் தரப்படமாட்டாது' என்று ஒரு வரி இல்லாத இடங்களில், தரம் அறிவிப்பாகவே நின்றது. அலுவலகம் தனக்குப் பழகிய எழுத்துருவிலேயே தொடர்ந்தது. ஏற்கெனவே அடித்துவைத்த கோப்புகளோ, ஆணை பிறந்த நாளில் தாமாக மாறிக்கொள்ளவில்லை.

இங்கே மதுரைத் திட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அம்முயற்சியில், தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்கள்வரை தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அவர்களும் சில காலம் பழைய எட்டு பிட் திஸ்கியைப் பயன்படுத்தினார்கள். காலம் மாறியபோது அந்நூல்கள் ஒருங்குறிக்கு மாறின. அவர்களிடம் அரசின் நிதி இல்லை. ஆனால் திஸ்கியின் இடவரிசை எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தெரிந்தால் மாற்றுவது ஒரு சிறு நிரலின் வேலை. பணம் செலவழித்து வாங்கிய நூலகத்துப் பட்டியல் அழிந்தது. பணமே இல்லாமல் தட்டச்சு செய்த நூல்கள் வாழ்கின்றன. எந்தத் திட்டமிடலாளரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேறுபாடு இது.

நாங்கள் அந்த இடவரிசையை மீட்க முனைந்தோம். நூலகத்தில் பழைய பட்டியல் அட்டைகள் சில இழுப்பறைகளில் மிஞ்சியிருந்தன. கணினிப் பதிவையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊகித்தோம். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வதைப்போன்ற வேலை. வேறுபாடு என்னவென்றால், இக்கல்வெட்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சில மாதங்களில் தலைப்புகளும் ஆசிரியர் பெயர்களும் பெரும்பாலும் திரும்பி வந்தன. 'குறிப்பு'க் கட்டத்தில்தான் சிக்கல். நூலகர் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருந்தார்; தலைப்பெழுத்துகளை ஆங்கிலத்தில் இட்டிருந்தார். எழுத்துருவை நீக்கிவிட்டால் எது உண்மையான ஆங்கிலம், எது ஆங்கில உடுப்பில் இருக்கும் தமிழ் என்று பிரித்தறிய வழியில்லை.

ஒரு பதிவு எங்களை இன்னும் விடவில்லை. நாங்கள் தேடிப் போன கதை வந்த இதழே அது. பென்சில் திருத்தங்கள் இருப்பதாகவும், அவை ஆசிரியர் கையாகவே இருக்கலாம் என்றும், அப்படிச் சொன்னவர் இன்னார் என்றும் குறிப்பில் உள்ளது. அந்த இன்னாரின் பெயர் மட்டும் சிதைந்திருக்கிறது. நூலகரிடமே போய்க் கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். "எழுதி வெச்சாச்சேன்னு மறந்துட்டேன் தம்பி" என்றார்.

மறதி அவர் குறையன்று. எழுதி வைப்பது எதற்காக? மறப்பதற்கு உரிமை பெறுவதற்காகத்தானே.

யாரோ தவறு செய்ததால் இது நேர்ந்தது என்று சொல்வது எளிது. நாங்கள் அறிந்தவரை அங்கே ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்திருக்கிறார்கள். அரசுக் கொள்முதலின் நடைமுறையைப் பாருங்கள். திட்ட நிதி ஓர் ஆண்டுக்கு ஒதுக்கப்படுகிறது. மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் திரும்பிவிடும். ஆகவே வேண்டியவை அவசரத்தில் பட்டியலாகின்றன. தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம் போகிறது. ஊழலைத் தடுக்க வந்த முறை அது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் போன்றவை வந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. மேசைக்கும் மின்விசிறிக்கும் அம்முறை பொருந்தும். மேசையின் விலை வாங்கிய நாளோடு முடிந்துவிடுகிறது. மென்பொருளின் விலையோ அன்றுதான் தொடங்குகிறது. குறைந்த விலைக்கு உள்ளே வந்தவர், அடுத்த ஆண்டுகளில் பராமரிப்புக்கும் மாற்றத்துக்கும் தான் சொன்னதே விலை என்னும் நிலையை அடைகிறார். தரவு அவர் வடிவில் பூட்டப்பட்டிருப்பதால் போட்டியே இல்லை. முதல் டெண்டர் வெளிப்படையானது. அதற்குப் பின்வருபவை அனைத்தும் ஒரே ஒருவருக்கானவை.

பராமரிப்புக்கு வேறொரு தடையும் உண்டு. புதிதாக வாங்குவதற்குத் தலைப்பு இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. வாங்கியதை ஆண்டுதோறும் காப்பதற்கு இவற்றுள் எதுவுமில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்று போட்டாலும் அது பெட்டியைத் துடைப்பதற்கும் கெட்டுப்போன பாகத்தை மாற்றுவதற்குமே. உள்ளே இருப்பதைப் படியெடு, திறந்து பார், புதிய வடிவுக்கு மாற்று என்று எந்த ஒப்பந்தமும் சொல்வதாகத் தெரியவில்லை.

இதே நூலகச் சிக்கலை வேறொரு நாட்டின் சிறு நூலகம் வேறுவிதமாக எதிர்கொண்டது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்று ஒரு மாவட்டம். 1999இல் அதன் நூலக அறக்கட்டளையிடம் இருந்த பட்டியல் மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. கேட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்திடம் புதிதாக ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. அதன் மூலநிரலைப் பூட்டி வைக்காமல், எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இடந்தரும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். பெயர் கோஹா, மாவோரி மொழியில் கொடை என்று பொருள். எழுதிக் கொடுத்த நிறுவனம் இல்லாமற்போனாலும் வேறொருவர் தொடரலாம் என்பதால் அந்நூலகத்துக்கும் அதுவே காப்பு. இன்று உலகெங்கும் எண்ணற்ற நூலகங்கள், இந்தியாவில் பல பல்கலைக்கழக நூலகங்கள் உட்பட, கோஹாவில் இயங்குகின்றன. அது நூற்பதிவுகளை மார்க் என்னும் வடிவில் வைத்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அறுபதுகளில் உருவான வடிவம் அது. நாளைக்கே கோஹா வேண்டாமென்றாலும் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். ஒரு சிறு மாவட்டத்து நூலகம், நம் 1949ஆம் ஆண்டு அரசைப்போல, படியை விட்டு உரிமையைப் பிடித்தது.

வளர்ந்த நாடுகள் அனைத்தும் இதில் தெளிந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1086இல் நாடு முழுதும் நிலக்கணக்கு எடுத்துத் தோலில் எழுதிய 'டூம்ஸ்டே' ஏடு இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; படிக்கவும் முடிகிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டையொட்டி 1986இல் பி.பி.சி. ஒரு புதிய 'டூம்ஸ்டே'யைக் கணினியில் உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஏராளமானோர் தங்கள் ஊரைப்பற்றி எழுதினார்கள். அனைத்தும் இரண்டு லேசர் வட்டுகளில் ஏறின. அவற்றைப் படிக்கத் தனிக் கணினியும் தனி இயக்கியும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அரும்பொருள்களாகிவிட்டன. ஆய்வாளர்கள் 2002இல் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் போலச்செய்து மீட்டார்கள். 2011இல் அதன் ஒரு பகுதி இணையத்தில் ஏறியது. 2018இல் அத்தளமும் மூடப்பட்டு, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை மீட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பது இத்துறையில் இல்லை.

அண்மைய செய்தி இன்னும் கடியது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தரவு மையம் ஒன்றில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றுபோயின. பெரும்பாலானவை படிப்படியாக மீண்டன. ஆனால் ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் முற்றாக எரிந்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காமல் இங்கேயே வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டிருந்த இடம் அது. 858 டெராபைட் தரவு. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே படி இல்லை என்றார்கள். உலகின் மிக முன்னேறிய மின்னாட்சிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் நாடு அது. வாங்குவதில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களல்லர்.

நம் முன்னோர் இதை ஓலையில் அறிந்திருந்தார்கள். நல்ல ஏடும் சில நூறாண்டுகளுக்கு மேல் நிற்பதில்லை. பூச்சி அரிக்கும், விளிம்பு உதிரும். ஆகவே எண்ணெயிட்டுக் காப்பதும், காலம் வருமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதும் வழக்கமாக இருந்தன. மடங்களும் அரண்மனைகளும் அவ்வேலைக்கு ஆள் வைத்துப் படியளந்தன. அந்தத் தொடர்ச்சி எங்கெல்லாம் அறுந்ததோ அங்கெல்லாம் நூல் அறுந்தது, உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது அதனால்தான். நமக்கு வந்து சேர்ந்த சங்கப் பாடல் ஒவ்வொன்றும் பெயர் தெரியாத பலர் மீண்டும் மீண்டும் எழுதியதன் பயன். பராமரிப்பு என்னும் அலுவலகச் சொல்லுக்கு எங்கள் அகராதியில் இதுவே பொருள்.

ஆகவே என்ன செய்யலாம்? எங்களுக்குத் தோன்றுவது மிகச் சில.

வாங்கும் முன்பே விடைபெறும் வழியைக் கேட்க வேண்டும். 'நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் எங்கள் கைக்கு வரும்?' இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தராதவருடைய விலை எவ்வளவு குறைவாயினும் அது குறைந்த விலையன்று. பிரிட்டன் அரசு 2014 ஜனவரியில், தானாக நீளும் ஒப்பந்தங்கள் கூடாது, பத்துக் கோடி பவுண்டைத் தாண்டும் கணினி ஒப்பந்தங்கள் விலக்கான காரணமின்றிக் கூடாது என்று வரம்பு கட்டியது. அதே ஆண்டு ஜூலையில், திருத்தத்தக்க ஆவணங்களுக்கு ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவையே பயன்படுத்த வேண்டும் என்றது. இந்திய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. கொள்கை, டெண்டர் படிவத்தின் ஒரு வரியாக இறங்கி வரும்போதுதான் உயிர்பெறும் என்பதை மேலே பார்த்தோம்.

அடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஒரு பத்தி கூட வேண்டும். இன்ன தரவு, இன்ன வடிவம், இன்ன இடத்தில் படி, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. பெட்டியைக் கழிவு செய்யும் ஆணையில் 'உள்ளிருந்தவை பெயர்க்கப்பட்டன' என்று ஒருவர் கையெழுத்திட்டால்தான் பெட்டி வாசலைத் தாண்ட வேண்டும். இதற்குச் செலவு ஒரு பேனா.

மூன்றாவது, நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்தின் நீட்சி. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் போக வேண்டும். பத்து ரூபாய்க் கவிதைத் தொகுப்பை வெளியிடும் கவிஞருக்கு இக்கடமை இருக்கிறது. மக்கள் பணத்தில் எழுதப்பட்ட மென்பொருளின் மூலநிரலையும், தரவு வடிவின் விளக்கத்தையும் ஒரு பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கும் கடமை அதை விற்றவருக்கு ஏன் இருக்கக் கூடாது?

திறந்த மூலம் என்றால் செலவே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. அதையும் யாரோ காக்க வேண்டும். காப்பவருக்குக் கூலி வேண்டும். எல்லாத் தரவையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதும் எங்கள் வாதமன்று. நோயாளியின் குறிப்பும் குடும்ப அட்டையின் விவரமும் மறைவாகவே இருக்கட்டும். பெட்டகம் பூட்டியிருக்கலாம்; சாவி மட்டும் விற்றவர் மடியில் இருக்கக் கூடாது.

எங்கள் ஊர் நூலகத்தின் பட்டியல் இப்போது ஒருங்குறியில் இருக்கிறது. மூன்று இடங்களில் படி வைத்திருக்கிறோம். புதிய நூலகர் அதைப் பதிவேட்டில் ஏற்ற விரும்பினார். எந்தத் தலைப்பின் கீழ், என்ன விலைக்கு ஏற்றுவது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. அதுவரை ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தில், பழைய கணினியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே, பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். நீங்களும் அடுத்தமுறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது புத்தகம் எடுத்தபின் ஒரு நிமிடம் நின்று, பட்டியல் எந்த வடிவில் இருக்கிறது, படி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாரேனும் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எவரும் எண் போடுவார்கள்.